சொல் வேண்டும்: செவிப்பறைக்குப் பின்னால் பார்க்கும் கருவி

மட்டக்களப்பு, தாதியர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். குடும்பநல உத்தியோகத்தர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். குழந்தைகளின் நடுச்செவி அழற்சி பற்றிய அதிகாரம் இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறது. ஒன்று, டொக்டர் காதுக்குள் வைத்துப் பார்க்கும் ஒட்டோஸ்கோப். மற்றது ஒப்டிக்கல் கொஹியரன்ஸ் டொமோகிராபி. கண் சிகிச்சையில் பழகிப்போன நுட்பம். இப்போது கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருக்கிக் காதுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். செந்நிறக்கீழ் ஒளியை உள்ளே அனுப்பி, செவிப்பறையையும் அதற்குப் பின்னால் தேங்கிய நீரையும் வெட்டுமுகமாகக் காட்டுகிறது. ஊசியும் இல்லை, கதிர்வீச்சு அபாயமும் இல்லை. இதை இரண்டு சொல்லுக்குள் அடக்கித் தாருங்கள்.

காரைதீவு, ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்:

மகள், முதலாவதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. நமது பாடநூல்களில் தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி. அதே வரிசையில் செவிகாட்டி. தமிழகத்தார் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்பவர்கள், ஆகவே செவிநோக்கி என்பார்கள். ஆனால் நோக்குபவர் டொக்டர் அல்லவா? கருவி காட்டத்தான் செய்கிறது. நாட்காட்டி நாளை நோக்கிக்கொண்டா இருக்கிறது?

இரண்டாவதில்தான் வேலை இருக்கிறது. கருவி ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி உள்ளே இருக்கும் ஆடியில் பட்டுத் திரும்புகிறது. மறுபாதி காதுக்குள் போய், வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு படையிலும் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போய் வந்திருந்தால்தான் தலையீடு, அதாவது இரு அலைகள் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் காட்டுவது, தோன்றும். அதை வைத்து, எந்த ஆழத்திலிருந்து ஒளி திரும்பியது என்பதை மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு வரை பிரித்தறியலாம். செவிப்பறையின் தடிப்பே மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெயரில் கொஹியரன்ஸ் இருக்கிறது, அதாவது ஒளியலைகள் நெடுந்தூரம் ஒழுங்கு குலையாமல் ஒன்றாகச் செல்லும் குணம். கருவி வேலை செய்வதோ ஒளியில் அந்தக் குணம் குறைவாக இருப்பதால்! ஒரே நிறத்து லேசரை அப்படியே உள்ளே விட்டால் ஆழங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே அந்தச் சொல்லை அப்படியே தமிழாக்குவது பிழையையும் சேர்த்துத் தமிழாக்குவதாகும்.

சென்னை, சொல்லாய்வாளர்:

அம்மையீர், ஓரியல் ஒளி வெட்டுவரைவு. இதில் ஐயத்துக்கு இடமில்லை. வெட்டுவரைவு ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆங்கிலப் பெயரில் உள்ள குறைக்கு நாம் பொறுப்பல்ல. ஈடான சொல் தருவதே நம் பணி. செந்நிறக்கீழ் என்பதை அகச்சிவப்பு என்று மாற்றுங்கள். உங்கள் கையேடுகளில் விம்பம் என்ற சொல்லையும் பார்த்திருக்கிறேன். அது வடசொல். தூய தமிழில் படிமம்.

காரைதீவு:

படிமம் தூய தமிழா? பிரதிமை என்ற வடசொல்லின் வழிவந்தது அது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்தால் தெரியும். விம்பத்தை விரட்டிவிட்டு அதன் ஒன்றுவிட்ட தம்பியை வீட்டுக்குள் எடுத்திருக்கிறீர்கள். 'படி' என்ற வினையிலிருந்தே வந்தது என்று நீங்கள் அடுத்து எழுதுவீர்கள் என்பதும் தெரியும்.

எங்கள் ஊரவரான விபுலாநந்த அடிகள் 1936இல் உங்கள் சென்னையிலேயே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அறிவியலும் இசையும் இலக்கணமும் ஒருங்கே படித்தவர். நமக்கு இலக்கணம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது போலும்.

சென்னை:

'படி' என்ற வினையிலிருந்தே வந்தது. படிதல், படிவு, படிவம், படிமம். சான்றுகளைத் தனி மடலில் அனுப்புகிறேன்.

அக்கரைப்பற்று, மென்பொருள் துறை:

டீச்சர், என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: கட்செவி. பாம்புக்குப் பழைய பெயர். கண்ணையே செவியாக உடையது. இங்கே செவிக்குள் கண் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. வாட்ஸ்அப்பைக் கட்செவி அஞ்சல் என்று எழுதுபவர்களும் உண்டு என்பதால் சொல் முற்றிலும் அந்நியமில்லை.

இன்னொரு செய்தி. 2019இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கடதாசியைப் புனலாகச் சுருட்டிக் கைத்தொலைபேசியில் ஒட்டி, குழந்தையின் காதுக்குள் குருவி கீச்சிடுவது போன்ற ஒலியை அனுப்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும் ஒலியைக் கொண்டு உள்ளே நீர் இருக்கிறதா என்று தொலைபேசியே சொல்லிவிடுகிறது. அதற்கும் பெயர் வேண்டும்.

காரைதீவு:

தம்பி, கட்செவி அன்மொழித்தொகை, சொல்லில் இல்லாத பாம்பைத்தான் குறிக்கும். கருவிக்கு வைத்தால் கருவிதான் பாம்பாகும். ஆனால் அந்தக் கடதாசிப் புனல் எனக்குப் பிடித்திருக்கிறது. கல்லடியில் பௌர்ணமி இரவில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். நான் பத்து வயதில் கேட்டேன். கேட்டது மீனா, தோணியில் மோதிய தண்ணீரா என்பது இன்றுவரை தெரியாது. தண்ணீருக்குள் இருப்பதை அறியக் காதைக் கொடுத்தவர்கள் நாம். இப்போது காதுக்குள் இருக்கும் தண்ணீரை அறிய...

கல்முனை, மருத்துவர்:

ஐயா, மன்னிக்க வேண்டும், பாடுமீனை நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

கிளினிக்கில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை. காய்ச்சல், காதை இழுத்து இழுத்து அழுகிறது. தாய் மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் காதுமடலை மெல்ல இழுத்துச் செவிகாட்டியை வைக்கிறேன். (ஆம், செவிகாட்டி. இந்தத் திரியில் முடிவான ஒரே விடயம்.) பாதி வழியைக் குறும்பி அடைத்திருக்கிறது. மீதி வழியில் ஒரு கணம் செவிப்பறை தெரிகிறது, சிவப்பாக. ஆனால் அழுதாலே செவிப்பறை சிவக்கும். அது வெளியே பிதுங்கியிருக்கிறதா என்பதுதான் நம்பத்தக்க அடையாளம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டலும் அதற்கே முதலிடம் தருகிறது. அந்த ஒரு கணத்தில் பிதுக்கத்தை நிச்சயமாகக் கண்டேனா? பல நாட்களில் இல்லை. சந்தேகத்தில் அன்டிபயோட்டிக் எழுதுகிறோம்.

புதிய கருவியின் பெறுமதி அங்கேதான். பின்னால் நீர் இருக்கிறதா, அது தெளிந்ததா கலங்கியதா என்று காட்டும். திரும்பத் திரும்பக் காது நோகும் குழந்தைகளில், செவிப்பறையின் உட்புறத்தில் பாசி போல ஒட்டிக்கிடக்கும் பற்றீரியாப் படலத்தையும் இந்த முறையால் கண்டிருக்கிறார்கள். செவிகாட்டிக்கு அது எட்டாது. ஆகவே ஒளி எப்படி நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, எதைக் காட்டுகிறது என்பதை வைத்துப் பெயரிடுங்கள்.

வெல்லாவெளி, குடும்பநல உத்தியோகத்தர்:

டீச்சர், கையேடு எங்களுக்குத்தானே. நானும் எழுதலாமா?

காது நோவை எங்கள் பக்கத்துத் தாய்மார் 'காது குத்துகிறது' என்று சொல்வார்கள். போன முறை வந்த துண்டுப்பிரசுரத்தில், இந்தியாவிலிருந்து எடுத்தது போலும், 'காது குத்து' என்ற இடத்தில் தோடு போடும் சடங்கு பற்றி இருந்தது. ஒரு அம்மம்மா அதை வாசித்துவிட்டு, காய்ச்சலோடு எப்படிக் குத்துவது என்று கேட்டார்.

இந்தக் கருவியைப் பற்றி நேற்று வீட்டுக்குப் போன இடத்தில் விளக்கிப் பார்த்தேன். ஓரியல், வெட்டுவரைவு இரண்டையும் சொன்னேன். வெட்டு என்றதும் அந்தத் தாய் பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, 'காதுக்கு எடுக்கும் ஸ்கான்' என்றேன். 'வயிற்றுக்குப் பூசியது போல ஜெல்லி பூசுவார்களா?' என்று கேட்டார். பூசமாட்டார்கள், இது வெளிச்சத்தால் எடுப்பது என்றேன். விளங்கிவிட்டது.

வாவியின் இரு கரைகளுக்கும் படுவான்கரை, எழுவான்கரை என்ற பெயர்களை எங்கள் ஆட்கள் எந்த மாநாடும் கூட்டாமல்தான் வைத்தார்கள், ஐயா கோபிக்கக் கூடாது.

காரைதீவு:

கோபமில்லை, பிள்ளை. சூரியன் படும் கரை, எழும் கரை. அந்த அழகில் ஒரு சொல்லைத்தான் நான் மூன்று நாளாகத் தேடுகிறேன். ஒளியூடு? அகச்செவி ஒளிகாட்டி? இல்லை, அகச்செவி என்றால் உட்செவி ஆகிவிடும், நமக்கு வேண்டியது நடுச்செவி. வேறொன்று யோசிக்கிறேன்.

மட்டக்களப்பு:

ஐயா, நேரம் இல்லை. கையேட்டில் செவிகாட்டி, செவிப்பறை ஒளி ஸ்கான் என்று இடுகிறேன். நீண்ட பெயர் தமிழ் எழுத்தில் ஒருமுறை மட்டும் வரும். விம்பம் இருக்கும். கட்செவிக்கு இடமில்லை, அக்கரைப்பற்றுத் தம்பி வருந்தக் கூடாது. ஆறு பேர் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், அவர்களில் இருவர் 'எதையாவது போடுங்கள்' என்றுதான் எழுதினார்கள்.

சென்னை:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஸ்கான் தமிழே அன்று. இந்தக் கையேட்டைப் பார்த்து அடுத்த கையேடு எழுதப்படும்.

காரைதீவு:

இந்த ஒரு முறை சென்னையார் பக்கம் ஓரளவு நிற்கிறேன். தமிழில் மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. இசுக்கான் என்று எழுதினால் என் வாக்கும் உங்களுக்கே.

மட்டக்களப்பு:

பக்கங்கள் காலை பத்து மணிக்கே அச்சகத்துக்குப் போய்விட்டன, ஐயா.

அக்கரைப்பற்று:

அப்படியானால் கடதாசிப் புனலுக்கு?