பலூ தம்பி எழுத்துருவை எங்கே பார்த்தீர்கள், எதற்குப் பயன்படுத்தினீர்கள்?

சேலம், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

எங்கள் முதல் வகுப்புச் சுவரில் உள்ள சொல்லட்டைகள் எல்லாம் பலூ தம்பியில் அச்சிட்டவை. மும்பையின் எக் டைப் குழுவினர் உருவாக்கியது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. தடித்த மார்க்கர் பேனாவால் யாரோ குதூகலமாக எழுதியதைப் போல மூலைகளெல்லாம் உருண்டிருக்கும். 'யானை'யில் வரும் இணைக்கொம்பைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். 'பட்டம்' என்று பெரிதாக அச்சிட்டால் மெய்யெழுத்தின் புள்ளி கடைசி வரிசைக்கும் பளிச்சென்று தெரிகிறது. புள்ளி கண்ணில் படாவிட்டால் 'படடம' என்றே வாசித்துவிடும் வயது அது.

ஆனால் கதைப் பத்தியை இதில் அச்சிடாதீர்கள். எழுத்து சிறுத்தால் ண, ன சுழிகள் மையேறி அடைபட்டுவிடும். இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று அப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு அது பெரிய அநியாயம். தலைப்புக்குத் தம்பி போதும்.

மதுரை, ஃப்ளெக்ஸ் வடிவமைப்பாளர்:

டீச்சர், பலூ தம்பி 2 பதிப்பைப் பாருங்கள். ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. நடுத்தர அளவுக்கு மீடியம் வைத்தால் சுழிகள் திறந்தே நிற்கும்.

காதணி விழா, பிறந்தநாள், ஜிகர்தண்டா கடை என்று வந்தால் என் கை நேராக இதற்குத்தான் போகிறது. யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இருப்பது இன்னொரு வசதி. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தை அப்படியே ஒட்டிவிடலாம். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அதை மாற்றி, மாற்றியதில் விழுந்த பிழைகளைத் திருத்தி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். பழைய ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் மட்டும் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி 'கோயில்' சிதைந்துவிடும்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் இதையே கேட்டு வருகிறார்கள். நான் போட்டுக் கொடுப்பதில்லை. துக்க வீட்டு வாசலில் சிரிக்கிற எழுத்தை நிறுத்த எனக்கு மனம் வராது.

பெங்களூரு, குடியிருப்புச் சங்க உறுப்பினர்:

எங்கள் பொங்கல், சங்கராந்தி அறிவிப்பில் எப்போதும் ஆங்கிலம் கொழுகொழுவென்று மேலே இருக்கும். தமிழும் கன்னடமும் மெலிந்து ஓர் ஓரத்தில் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். இந்த முறை தமிழுக்குத் தம்பி, கன்னடத்துக்குத் தம்மா, தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன் என்று பலூ எழுத்துருக் குடும்பத்திலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தோம். அதே கனம், அதே உருண்டை, அதே உயரம். ஒரு பாட்டி தன் மொழி வரியை நின்று நிதானமாக வாசித்துவிட்டு, வரைந்தது யார் என்று விசாரித்தார்.

உரிமம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் சங்கத்துக்குச் செலவே இல்லை. மூன்றாவது மாடிக் குஜராத்திக் குடும்பம் அடுத்த முறை தங்கள் மொழியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அதற்கும் பலூ பாய் இருக்கிறது.