பெங்களூர் வீட்ட வித்துட்டு ஆத்தோரமா செட்டில் ஆகணும், காவேரிப்பட்டணமா ஓசூரா ஒகேனக்கல் பக்கமா?

பாலக்கோட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு பாலக்கோடு பக்கம், ஆனா வேலைக்குப் போனதுலருந்து பெங்களூர்தான். பொம்மனஹள்ளி பக்கம் மாடி வச்ச வீடு, புள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல, இப்ப கீழ நாங்க ரெண்டு பேரு, மாடி முழுக்க தூசி. அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். வீட்ட வித்துட்டு ரெண்டு ரூமு, ஒரு திண்ணை, நாலு வாழக்கன்னு வைக்க எடம், நடந்து போற தூரத்துல ஆறு, இவ்வளவுதான் கேக்குறேன். வீட்டம்மாவுக்கு ஹார்ட் செக்கப் ஓசூர் ரோட்டு ஆஸ்பத்திரிலதான், அதனால பெங்களூர ஒரேயடியா விட முடியாது, காலைல கெளம்பினா டாக்டர பாத்துட்டு ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரணும். மனசுல இருக்கறது: ஓசூர் கெலவரப்பள்ளி டேம் பக்கம், காவேரிப்பட்டணம், ஒகேனக்கல் பென்னாகரம், அப்புறம் இருமத்தூர் அனுமன்தீர்த்தம் பக்கம் வெல கம்மின்னு சொல்றாங்க. ஒரு புரோக்கர் காவேரிப்பட்டணத்து கிட்ட "ரிவர் வியூ" பிளாட்னு ஒரு மனை காட்டினாரு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் இருக்கறவங்க சொல்லுங்க.

ராகிக்களி_ஓசூர்:
சார், ஆஸ்பத்திரிதான் முக்கியம்னா ஓசூர விட்டு தாண்டாதீங்க. பெங்களூர் 40 கிலோமீட்டர், 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ மஞ்ச லைன் வந்தாச்சு, அத்திப்பள்ளி டிராஃபிக்க தாண்டிட்டா அப்புறம் நிம்மதி. ஆனா ஆறுன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் ஒதைக்குது. நந்தி மலைல பொறக்கற தென்பெண்ணை நம்ம எல்லைக்கு வர்றதுக்குள்ள பெங்களூர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிச் சாக்கடைத் தண்ணியெல்லாம் அதுல சேந்துடுது. கெலவரப்பள்ளில ஷட்டர் தெறந்தா ஆறு முழுக்க வெள்ள நுரை, காத்தடிச்சா ரோட்டுக்கே பறந்து வரும், நியூஸ்ல வருஷாவருஷம் பாத்துருப்பீங்க. அந்த நாத்தத்துல திண்ணைல உக்காந்து காப்பி குடிக்க முடியாது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் குளு குளுன்னு இருக்கும், ஆனா ராகி அறுக்கற சீசன்ல யானை வந்துட்டுப் போகும், சானமாவு காட்டு வரைக்கும் வருது. ஓசூர் டவுனுக்குள்ள சின்ன ஃபிளாட் எடுத்துக்கிட்டு ஆத்துக்கு ஞாயித்துக்கெழமை கார்ல போங்க, அதான் என் கட்சி.

டேம்மீன்:
ஓசூர்க்காரர் சொல்றத கேட்டா கடைசில பெங்களூர்லயே இருந்துக்கலாம்னு ஆயிடும் 😄 அண்ணே நான் காவேரிப்பட்டணம், எங்க ஊரப் பத்தி நானே சொல்றேன், கொறையும் சேத்து.

மேலருந்து தென்பெண்ணைல வர்ற நுரையும் அழுக்கும் எங்க ஊருக்கு முன்னாடி கேஆர்பி (கிருஷ்ணகிரி) டேம்ல கொஞ்சம் தங்கி அடங்குது, அதுக்காக சுத்தம்னு சத்தியம் பண்ண மாட்டேன், டேம் தண்ணி பச்ச கலருல நாறுன வருஷமும் உண்டு. ஆனா ஓசூர் அளவுக்கு இல்ல. டேம் 52 அடி, இடதுபுறக் கால்வாய் வலதுபுறக் கால்வாய்னு ரெண்டு போகுது, தண்ணி விட்டா ரெண்டு பக்கமும் நெல்லு, தென்னை, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் பச்சதான். நீங்க தேடுறது இந்தப் பச்சதான்னு எனக்குத் தோணுது. ஏன்னா வருஷத்துல பாதி நாள் ஆறு மணலும் சீமக் கருவேலமும் நடுவுல ஒரு வாய்க்கா தண்ணியுமாத்தான் கெடக்கும். புரோக்கருங்க கரெக்டா டேம் தெறந்துவிட்ட வாரம் பாத்து ஆளக் கூட்டிட்டு வருவானுங்க.

அதனால ஆத்தங்கரைய விட்டு மேல வாங்க. கால்வாய் பாசனம் இருக்கற ஊர்ல, கால்வாய்க்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல மேட்டாங்கால்ல, அதாவது மேடான எடத்துல, வீடு பாருங்க. கெணத்துல தண்ணி நிக்கும், ராத்திரி மழ பேஞ்சா எழுந்து ஆத்த பாக்கப் போக வேண்டியதில்ல. 2017 நவம்பர்ல டேமோட மொத ஷட்டர் ஒடஞ்சப்ப கீழ கடலூர் வரைக்கும் அஞ்சு மாவட்டத்துக்கு எச்சரிக்கை குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரி கரையோரம் இருந்தவங்க யாரும் தூங்கல. இப்ப ஷட்டரெல்லாம் புதுசு, அது வேற விஷயம். இன்னும் கீழ போனா நெடுங்கல் தடுப்பணை, அங்கருந்து பாரூர் ஏரிக்கு தண்ணி போகுது, பாரூர் ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலம் ஒருக்கா போய் நில்லுங்க, ஆறுதான் வேணும்ங்கற பிடிவாதம் கொஞ்சம் கொறையலாம்.

கொற: ரயில் கெடையாது, கிருஷ்ணகிரிக்கே இல்ல. பஸ்ஸுக்கு பஞ்சம் இல்ல, பெங்களூர் சேலம் ரோடுதானே, ஆனா கிருஷ்ணகிரி டோல்கேட்ல லீவு நாள்ல மாட்டுனா மாட்டுனதுதான். மாங்கா சீசன்ல லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவுல புகுந்து வரணும். கொசு. நெல்லு இருக்கற எடத்துல கொசு இல்லாம இருக்குமா. நல்லதுன்னா நிப்பட்டு எங்க ஊர்ல போடுற மாதிரி எங்கயும் கெடைக்காது, டேம்ல வறுத்த மீனு, அப்புறம் உங்களுக்கு பாலக்கோடு சொந்தக்காரங்க வீடு பக்கத்துலயே.

ஒகேனக்கல் பத்தி ஒரே வரி, அது சுத்திப் பாக்கற ஊரு, குடியிருக்கற ஊரு இல்ல. சுத்தி காடு, கர்நாடகால கபினி, கேஆர்எஸ் டேம் தெறந்தா காவேரில வெள்ளம் வந்து பரிசல் நிறுத்தம், குளிக்கத் தடை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரின்னா தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்கு ஓடணும்.

இருமத்தூர்_மருமக:
அண்ணா வணக்கம். எல்லாரும் அண்ணன்கிட்டயே பேசுறீங்க, அண்ணி என்ன சொல்றாங்கன்னு யாரும் கேக்கல. சமைக்கப் போறது அவங்க, தண்ணி புடிக்கப் போறதும் அவங்கதான், மொதல்ல தண்ணியப் பத்தி கேளுங்க. ஆறு பக்கத்துல ஓடுதுன்னா போர்ல நல்ல தண்ணின்னு அர்த்தம் இல்ல. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் பாறைலருந்து ஃபுளோரைடு எறங்கி பல்லு மஞ்சக் காவி ஏறுனவங்க, மூட்டு மடக்க முடியாதவங்க எத்தன பேரு. அதுக்காகத்தான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு. நீங்க பாக்கற தெருவுல அந்தக் குழா இருக்கா, எத்தன நாளைக்கு ஒருக்கா விடுறாங்கன்னு புரோக்கர கேக்காதீங்க, குடத்தோட நிக்கற பொம்பளைங்கள கேளுங்க. போர்த் தண்ணிய குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்கக் கூடாது, கொதிக்க வச்சா போயிடும்னு சிலபேரு சொல்லுவாங்க, போகாது, தண்ணி சுண்டுனா இன்னும் ஏறத்தான் செய்யும். ஆர்ஓ ஃபில்டர் வேணும்.

எங்க பக்கம் வெல கம்மிதான், ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தத்துல கூட்டம் பாக்கவே அழகு. ஆனா பெங்களூர் தூரம், ராத்திரி நெஞ்சு வலின்னா வண்டி புடிச்சு போயி சேர்றதுக்குள்ள விடிஞ்சுடும். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன் காரெல்லாம் அடிச்சுட்டுப் போனத டிவில பாத்துருப்பீங்க. அது ஆத்துத் தண்ணி கூட இல்ல, ஏரி நெறஞ்சு வந்தது. அதனால ஆத்த மட்டும் பாக்காம மேல எந்த ஏரி இருக்கு, அது நெறஞ்சா வழியுற கோடித் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னும் பாருங்க.

அப்புறம் ஒண்ணு, வீட்ட வித்துடாதீங்க, மொதல்ல ஒரு வருஷம் காவேரிப்பட்டணத்துல வாடகைக்கு இருங்க. ஏப்ரல் மே வெயில் ஒருக்கா, ஐப்பசி கார்த்திகை மழ ஒருக்கா, ரெண்டையும் பாத்துட்டு அண்ணி சரின்னு சொன்னா வாங்குங்க.

பாலக்கோட்டுக்காரன்:
ரொம்ப நன்றிம்மா, இத வீட்டம்மாகிட்ட வாசிச்சு காட்டினேன், "இந்தப் பொண்ணு ஒண்ணுதான் வெவரமா பேசுது"ன்னு சொல்லிட்டா. ஓசூர் ஃபிளாட் வேணாம், மறுபடியும் லிஃப்ட் மெயின்டனன்ஸ்னு மாட்ட நான் ரெடி இல்ல. தம்பி டேம்மீன் சொன்ன மேட்டாங்கால் ஐடியா புடிச்சிருக்கு. வாடகைக்கு இருந்துட்டு மெதுவா வாங்கினா டாக்ஸ்ல ஏதாவது சிக்கல் வருமா? அந்த ரிவர் வியூ பிளாட்டுக்கு என்னென்ன பேப்பர் பாக்கணும்?

ஓய்வு_சர்வேயர்:
டாக்ஸ் முதல்ல. வீடு வித்த லாபத்த வச்சு வேற வீடு வாங்குனா வரி விலக்கு உண்டு, வித்த தேதிலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வாங்கணும், கட்டுறதா இருந்தா மூணு வருஷம். வெறும் மனைய வாங்கிப் போட்டுட்டு சும்மா இருந்தா விலக்கு கெடைக்காது, வீடு எழும்பணும். நீங்க பெருச வித்து சிறுசு வாங்கப் போறீங்க, அதனால லாபத்துல மிச்சம் நிக்கலாம், நின்னா அதுக்கு வரி உண்டு, வேணும்னா வித்த ஆறு மாசத்துக்குள்ள கேப்பிடல் கெயின் பாண்டுல 50 லட்சம் வரைக்கும் போடலாம். அந்தம்மா சொன்ன மாதிரி விக்காம வாடகைக்கு இருந்து பாத்தா இந்தக் கடிகாரமே ஓட ஆரம்பிக்காது. மத்தத நல்ல ஆடிட்டர் கிட்ட கேட்டுக்குங்க.

பேப்பர் விஷயம். பட்டா சிட்டாவோட நிக்காதீங்க, நிலத்தோட அளவு, எல்லை காட்டுற எஃப்எம்பி வரைபடமும், நிலம் என்ன வகைன்னு இருக்கற அ-பதிவேடும் எடுங்க. ஆத்தோர சர்வே நம்பர்ல புறம்போக்கு, வாய்க்கா, ஓடைன்னு ஒரு சின்ன துண்டு உள்ள நுழைஞ்சுருக்கும், அதையும் சேத்து வேலி போட்டு விப்பாங்க. ஆறு எடம் மாறி ஓடுற வழக்கம் உள்ளது, ஆனா படத்துல உள்ள கோடு மாறாது, தாசில்தார் வந்து அளந்தா உங்க வாழத்தோப்பு ஆத்துக்குள்ள நிக்கும். பட்டியல் சாதி மக்களுக்குன்னு அரசு குடுத்த பஞ்சமி நிலமா, கோயில் நிலமான்னு பாருங்க. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போடுங்க. மனைன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இருக்கா, லேஅவுட்டுக்கு நீர்வளத்துறை வெள்ளம் சம்பந்தமா குடுத்த தடையின்மை கடிதம் இருக்கான்னு கேளுங்க, இதக் கேட்டவுடனே மூஞ்சி மாறுனா எழுந்து வந்துடுங்க. பட்டாவும் எஃப்எம்பியும் இப்ப ஆன்லைன்லயே எடுக்கலாம், தாலுகா ஆபீஸ் போய் நிக்க வேண்டியதில்ல.

டேம்மீன்:
சர்வேயர் ஐயா சொன்னதோட சேத்து, எடத்துப் பக்கத்துல பழைய வீடுங்க எந்த ஒசரத்துல கட்டியிருக்குன்னு பாருங்கண்ணே. பெருசுங்க எங்க கட்டாம விட்டுருக்காங்களோ அங்கதான் இப்ப பிளாட்டு போடுறானுங்க. வாடகை வீடு வேணும்னா சொல்லுங்க, கால்வாய்ப் பக்கம் எங்க சொந்தக்காரங்க வீடு ஒண்ணு காலியாகப் போவுது.

பாலக்கோட்டுக்காரன்:
எஃப்எம்பி எடுத்துட்டேன் ஐயா. பிளாட்டுக்கு தெக்கால ஓடைன்னு போட்டுருக்கு, புரோக்கர் அதத்தான் இருபதடி ரோடுன்னு காட்டினாரு. போன் பண்ணேன், எடுக்கல. தம்பி, அந்த வாடகை வீட்டுல ஒகேனக்கல் தண்ணிக் குழா இருக்கான்னு வீட்டம்மா கேக்குறா.