பாலே சேர்க்காம கெட்டியான பழ ஸ்மூத்தி: உங்க வீட்ல எப்படி வருது?

எங்க வீட்ல சின்னவளுக்குப் பால் புரதம் ஆகாது. லாக்டோஸ் பிரச்சினை இல்லைங்க, அலர்ஜி. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சு "லாக்டோஸ் இல்லாத பால்தான் வருதே, வாங்கிக் குடுங்களேன்"னு சொல்றவங்க நிறைய பேர். அந்தப் பால்ல லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரையை மட்டும்தான் உடைச்சிருப்பாங்க. கேசீன் உட்பட புரதம் எல்லாம் அப்படியே இருக்கும், அலர்ஜிக்காரங்களுக்கு ஆகவே ஆகாது. அதனால பால், தயிர், ஐஸ்கிரீம், பால் பவுடர் எதையும் தொடாம, அண்ணன் குடிக்கிற அதே கெட்டியில இவளுக்கும் ஒண்ணு வேணும்.

இப்ப கைக்கு வந்துட்ட அளவு இது. நல்லாப் பழுத்த மாம்பழத் துண்டு ஒரு கப், வாழைப்பழம் ஒண்ணு, ரெண்டும் ஃப்ரீசர்ல உறைஞ்சது. கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப், அதாவது முதல் பால். உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு அரை ஸ்பூன். தண்ணியும் கிடையாது, ஐஸ் கட்டியும் கிடையாது. சின்ன டம்ளர்ல ரெண்டு வரும். டம்ளரைச் சாய்ச்சா உடனே ஓடாது, கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் இறங்கும்.

ஐஸ் போட்டா அரைக்கும்போது கெட்டியாத் தெரியும், குடிச்சு முடிக்கறதுக்குள்ள தண்ணியாப் போயிடும். பழத்தையே உறைய வச்சுட்டா உருகினாலும் பழம்தானே உருகுது? என் கட்சி இதுதான்: தண்ணியைக் குறை, எங்கேயிருந்தாவது கொஞ்சம் கொழுப்பைக் கொண்டு வா, பால் ஞாபகமே வராது. நீங்க என்னென்ன பழத்துல பண்றீங்க, எது சரியா வந்துச்சு, எது காலை வாரிச்சுன்னு சொல்லுங்க.

* * *

ஐஸ் விஷயத்துல நானும் உங்க கட்சிதான் அக்கா. ஆனா வாழைப்பழம் எப்போ ஃப்ரீசருக்குப் போகணும்ங்கிறதுதான் பாதி வேலை. தோல்ல கரும்புள்ளி நல்லா விழணும். அதுக்கு முன்னாடி வச்சா மாவுச்சத்து முழுசா சர்க்கரையா மாறியிருக்காது, எவ்வளவு அரைச்சாலும் நாக்குல மாவா ஒட்டும். தோலை உரிச்சுட்டு வைங்க. தோலோட உறைஞ்ச பழத்தை உரிக்கிறதுக்குள்ள விரல் மரத்துப்போயிடும். காசு காசா நறுக்கி, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி உறைய விட்டு, அப்புறமா டப்பாவுல கொட்டி வச்சா வேணுங்கிற அளவு மட்டும் எடுத்துக்கலாம்.

எங்க வீட்ல இருக்கறது சாதாரண மிக்ஸிதான். ஜாருக்குள்ள முதல்ல தேங்காய்ப்பால், அதுக்கு மேல மெத்துனு இருக்கற பழம், உறைஞ்சது கடைசியா. மாத்திப் போட்டா பிளேடு அடியிலேயே ஒரு குழி பண்ணிக்கிட்டு சும்மா சுத்தும். சத்தம் திடீர்னு லேசாயிடும், மேலே துண்டெல்லாம் அசையாம உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டதும் நிறுத்திடணும். கரண்டியால கிளறிவிட்டு, விட்டு விட்டு ஓட்டினா போதும். தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடாகி, உறைய வச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

* * *

அன்னாசி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சமைக்காத அன்னாசிப்பழத்தில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டாடுவதுதான் அதன் வேலை. பாலோடு அன்னாசியை அரைத்து வைத்தால் கசப்பது இதனால்தான். பால் இல்லாவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்து நான் சோயா பாலுக்குப் போனேன். சோயா பாலிலும் புரதம் தாராளமாக உண்டு. போதாக்குறைக்கு அன்னாசியின் புளிப்பு வேறு. ஓரத்தில் திப்பி திப்பியாகத் திரிந்து நின்றது.

தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு என்பதால் அன்னாசிக்கு அதுவே ஒத்துப்போகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஃப்ரீசரில் வைத்தால் நொதி அடங்கிக் கிடக்குமே தவிர அழியாது. சூடுபடுத்தினால்தான் அழியும். டின்னில் வரும் அன்னாசியைச் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள், ஆகவே அதில் இந்தத் தொல்லை இல்லை, வாசனையும் பாதிதான். நான் சமைக்காத அன்னாசிப்பழத்தையே போட்டு, அரைத்த கையோடு குடித்துவிடுகிறேன். நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். நார் தொண்டையில் நிற்கும், நாக்கும் அரிக்கும்.

பப்பாளிக்கு வேறு குணம். அரைத்துச் சற்று நேரம் வைத்தால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கூழாக இறுகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். அது பழத்திலுள்ள பெக்டின் இறுகுவது, கெட்டது அல்ல. எனக்கென்னவோ அதைக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவது இன்னும் பிடித்திருக்கிறது.

* * *

தேங்காய் வாசனையே பிடிக்காத ஆளுங்க எங்க வீட்ல ரெண்டு பேர். அவங்களுக்கு முந்திரிதான். ஒரு டம்ளருக்குப் பத்துப் பன்னிரண்டு பருப்பு, வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறினாப் போதும். முதல்ல முந்திரியை மட்டும் கொஞ்சூண்டு தண்ணி விட்டு வெண்ணெய் மாதிரி மைய அரைச்சுக்கணும், பழம் அப்புறம்தான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா உறைஞ்ச பழத்துக்கு நடுவுல முந்திரி நறநறன்னு தப்பிச்சுடும். இதுல கெட்டியும் கிடைக்குது, மாம்பழ வாசனையும் அமுங்கறதில்லை. தேங்காய்ப்பாலைவிட இதுதான் மேல்னு அடிச்சுச் சொல்வேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

முந்திரி அலர்ஜி இருக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. பால் ஆகாத குழந்தைக்கு முந்திரி ஆகுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுப் பண்ணுங்க. பருப்பே வேண்டாம்னா அவகாடோ பாதி போடலாம். கொழுப்பு நிறைய, சுவை அடக்கம். கலர்தான் பாசி பிடிச்ச மாதிரி ஆயிடும், அன்னாசியோட சேர்த்தா பச்சைன்னு பேர் சொல்லிச் சமாளிக்கலாம். ஓட்ஸ் பால் எனக்குச் சரிப்படலை, வீட்ல அரைச்சா கொழகொழன்னு வருது.

* * *

முந்திரி அக்காவோட சண்டைக்கு வந்திருக்கேன் 🙂 தேங்காய்ப்பால் சரியா வராததுக்குக் காரணம் பெரும்பாலும் குளிர்ச்சிதான். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சுடும். வீட்ல பிழிஞ்ச முதல் பாலை ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் எடுத்தா மேல ஏடு தனியா, கீழ தண்ணி தனியா நிக்கும். அதை அப்படியே உறைஞ்ச பழத்தோட அரைச்சா கொழுப்பு குருணை குருணையா மேல் அண்ணத்துல ஒட்டும், மெழுகைத் தின்ன மாதிரி இருக்கும். அன்னன்னிக்குப் பிழிஞ்சு, அறைச் சூட்டுலயே சேர்த்தா இது வர்றதில்லை. பாக்கெட், டின்ல வர்றதுல பல சமயம் குவார் பசை சேர்த்திருப்பாங்க, அதனால சீக்கிரம் பிரியாது. பிரிஞ்சிருந்தாலும் லேசாச் சூடு காட்டிக் கலக்கிவிட்டா சேர்ந்துக்கும்.

இன்னொண்ணு, ஜில்லுனு இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைச்சலாத்தான் தெரியும். அரைச்ச உடனே ருசி பார்த்துட்டு சர்க்கரையைக் கொட்டாதீங்க. பழம் பழுத்திருந்தா ஒண்ணுமே வேண்டாம். புளிப்பு மாம்பழம் மாட்டிக்கிட்டா பேரீச்சம்பழம் ரெண்டு ஊறவச்சுச் சேர்ப்பேன்.

* * *

வாழைப்பழம் எதுல போட்டாலும் வாழைப்பழ ஸ்மூத்தியாவே ஆயிடுதுன்னு என் மனைவிக்குக் கோபம். அதனால நான் சீத்தாப்பழத்துக்கு மாறிட்டேன். அந்தச் சதை தானாவே ஏடு மாதிரிதான் இருக்கும், பாலுக்கு வேலையே இல்லை. வேலை பூரா விதை எடுக்கறதுலதான். தயவுசெஞ்சு விதையோட மிக்ஸியில போட்டுட்டு வடிகட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, விதை உடைஞ்சா நச்சு. கம்பி வடிகட்டியில சதையைப் போட்டு ஸ்பூன் முதுகால தேய்ச்சா சதை கீழ இறங்கி விதை மட்டும் மேல நிக்கும். பொறுமை இருக்கற ஞாயித்துக்கிழமை வேலை. அதுல இரண்டாம் பால் கால் கப் போதும், முதல் பால் விட்டா திகட்டிடும்.

சப்போட்டாவும் இதே வழிதான். நல்லாக் கனியாததைப் போட்டா மட்டும் பல்லு, உதடு எல்லாம் பால் பிசின் ஒட்டும். பேஷன் ஃப்ரூட் போடறவங்க விதையை அரைக்காம, கடைசியில சதையோட மேல ஊத்திக்குங்க. அரைச்சா லேசாக் கசக்குது.

* * *

ஒரு சந்தேகம் மட்டும். காலையில அரைச்சு பாட்டில்ல ஊத்திக் குடுத்துவிட்டா மதியம் வரைக்கும் தாங்குமா?

* * *

தாங்காது தம்பி. குளிர் போனதும் பிரிஞ்சுடும், வாழைப்பழம் இருந்தா நிறமும் கறுத்துடும், தேங்காய்ப்பால் வெயில்ல புளிச்சும் போகும். நான் செய்யறது: பழத்தை ஒரு தடவைக்கு வேணுங்கிற அளவுல பொட்டலம் பொட்டலமா ஃப்ரீசர்ல போட்டு வச்சுடறது. சாயங்காலம் வந்ததும் தேங்காய்ப்பால் விட்டு அரைச்சா அஞ்சு நிமிஷ வேலை. மிச்சம் இருந்தா ஐஸ் குச்சி அச்சுல ஊத்திடுவேன். சின்னவ வேணும்னே கொஞ்சம் மிச்சம் வைக்கிறான்னு இப்பத்தான் சந்தேகம் வருது.

சீத்தாப்பழம் சொன்னவருக்கு: அந்தக் கம்பி வடிகட்டி எவ்வளவு பெரிய கண்ணா இருக்கணும்? என்கிட்ட இருக்கறது டீ வடிகட்டிதான், அதுல இறங்குமா?