லட்சத்தீவில் இருக்கிற மினிக்காய்த் தீவுக்காரர்களோடு பழகியவர்கள் இருக்கிறீர்களா?

நடுநிசி வாட்ச்:
1998. சரக்குக் கப்பலில் எனக்கு இரண்டாவது வருடம். எங்கள் போசன் (மாலுமிகளுக்குத் தலைவர்) மினிக்காய்க்காரர், ஐம்பதைத் தாண்டிய மனுஷன். மினிக்காய்க்கு வடக்கே இருக்கிற ஒன்பது டிகிரிக் கால்வாய் என்ற கடல்வழியில் போகும்போது ராத்திரி ரெண்டு மணிக்குத் தெற்கே கலங்கரை விளக்கம் தெரிந்தது. 1885-லிருந்து எரிகிற அவர் ஊர் விளக்கு. வீட்டை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது அவருக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வரும்போதெல்லாம் விரலை நீட்டி "கே... கே..." என்றார். மலையாளத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "டீ ஆறுது பாய், வாங்க" என்று கூப்பிட்டேன். விளக்கு மறையும்வரை அவர் திரும்பவே இல்லை. ஏன் கூப்பிட்டேனோ, இன்னமும் உறுத்துகிறது.

வெள்ளைச்சீருடை:
அது மலையாளம் இல்லை அண்ணா! மற்ற லட்சத்தீவுகளில்தான் மலையாளம். மினிக்காயில் மஹல், மாலத்தீவின் திவேஹிதான் அது. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். "கே" என்றால் வீடு.

அங்கே இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். காய்ச்சலோடு வந்த குழந்தைக்குச் சீட்டு எழுதும்போது, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டேன். கூட வந்த பாட்டி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். மகன் கப்பலில், மருமகனும் கப்பலில். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்தத் தட்டல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முத்துநகர் வியாபாரி:
இரண்டு பேருமே கப்பலுக்குப் போனவர்களையே சொல்கிறீர்கள். ஊரிலேயே சூரை மீன் (டூனா) பிடிக்கிறவர்களை விட்டுவிட்டீர்களே? நான் ஒருநாள் கூடப் போனேன். உயிரோடு வைத்திருக்கும் குட்டிமீனை வீசி, தண்ணீரைத் தெளித்ததும் கடல் கொதிக்கிற மாதிரி சூரை ஏறியது. தூண்டில் முள்ளில், மீன் கழலாமல் பிடிக்கிற எதிர்முள் கிடையாது. கம்பைச் சுண்டினால் மீன் தலைக்குமேல் பறந்து தானே கழன்று விழும். ஒன்று என் தோளில் விழுந்தது. வலை போடுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மாசி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தது அது. இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள், கட்டை மாதிரி சத்தம் வர வேண்டும். நகம் இறங்கினால் ஈரம் இருக்கிறது, வாங்காதீர்கள். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக இருக்கணும். தூளாக விற்பதைத் தொடவே வேண்டாம், என்ன கலந்தார்களோ தெரியாது. முழுசாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வேண்டும்போது உரலில் இடியுங்கள். மிக்ஸி பிளேடு உடைந்துவிடும். சம்பலுக்குப் போடும்போது உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.