பொட்டுலிசம்: மாமாவுக்கு நஞ்சு முறிப்பு மருந்து ஏற்றலாமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுறன். மாமாவுக்கு 58 வயது. பொட்டுலிசம் (சாப்பாட்டில கிருமி உண்டாக்கிற நஞ்சால நரம்பு பாதிச்சு தசை செயலிழக்கிற நோய்) என்று டொக்டர்மார் சந்தேகப்படுகினம்.

சனி இரவு, வீட்டில எண்ணெயில போட்டு மூன்று கிழமை போத்தலில அடைச்சு வச்ச பாரை மீன் சாப்பிட்டவர். வினாகிரி சேர்க்கல்ல, ஃபிரிட்ஜிலயும் வைக்கல்ல. மணம் குணம் ஒன்றும் மாறல்ல. ஞாயிறு பின்னேரம் வாய் வறண்டு, எல்லாம் இரண்டிரண்டாத் தெரிஞ்சது. திங்கள் காலை இமை ரெண்டும் விழுந்திட்டு. விரலால தூக்கிப் பிடிச்சுத்தான் என்னைப் பார்த்தார். தேத்தண்ணி மூக்கால வந்தது. காய்ச்சல் இல்ல, அறிவு தெளிவு.

முதல்ல விரியன் கடியோ என்று கால் விரலிடுக்கு வரை தேடினவை (எங்கட பக்கம் இமை விழுந்தா அதைத்தானே நினைப்பாங்க). கடித்தடம் இல்ல. பக்கவாதமோ என்று ஸ்கேனும் எடுத்தாச்சு, சுத்தம். மிச்ச மீனைப் போத்தலோட பரிசோதனைக்குக் குடுத்திட்டம். இண்டைக்குப் புதன், தீவிர சிகிச்சைப் பிரிவில மூச்சு மெஷின்ல இருக்கார்.

குதிரைச் சீரத்தில (இரத்தத் தெளிநீரில) செய்த, ஏ முதல் ஜி வரை ஏழு வகை பொட்டுலிசம் நஞ்சுக்குமான முறிப்பு மருந்தை எடுப்பிக்கப் பார்க்கினம். இரத்தத்தில சுத்துற நஞ்சைத்தான் அது கட்டுமாம். ஏற்கனவே செயலிழந்த தசையை மாத்தாதாம், முந்தினால்தான் பலனாம். மாமாவுக்குச் சின்னதிலிருந்து ஆஸ்துமா. அதால கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று சொல்லித்தான் கையெழுத்துக் கேட்கினம். மாமி பேனையை வச்சிட்டு அழுறா.

ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு, நாலு நாள் கழிச்சு இந்த மருந்து ஏற்றிய அனுபவமுள்ள டொக்டர், நேர்ஸ் யாராவது இருக்கிறீங்களா?