தாத்தாவின் மொரிஸ் மைனர் கார்: வீட்டுச் சாட் குழுவில்

அண்ணன்: வண்டியை வட்டவளையில் ஒரு கடை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். யாருக்கும் அடி இல்லை. ஆனால் மனசு கொதிக்கிறது.

அம்மா: ஐயோ, என்னப்பா ஆச்சு? மழை வேற பெய்யுதே.

அண்ணன்: பிரேக் விடவில்லை அம்மா. கினிகத்தேனை பக்கம் இறங்கும்போது பெடலில் இருந்து காலை எடுத்தும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. முன் வீலில் புகை. வீலோடு சுழல்கிற பிரேக் ட்ரம்மில் கை வைக்க முடியவில்லை.

கொழும்பு தம்பி: போன கிழமைதானே கராஜில் பிரேக் பார்த்துக் கொடுத்தாங்க?

அண்ணன்: அதுதான் கோபமே. ஒயில் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டோம் என்றார்கள்.

பண்டாரவளை மாமா: என்ன ஒயில்? பிரேக் ஒயில் ஊற்றுகிற மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்த்தாயா? பொனெட்டுக்குள் தேடாதே. டிரைவர் காலடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் மூடி இருக்கும்.

அண்ணன்: பார்த்தேன் மாமா. சிவப்பாக இருக்கிறது. கடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி, அதில் அந்த ஒயிலைக் கொஞ்சம் விட்டேன். கலக்கவே இல்லை, அப்படியே மேலே மிதக்கிறது.

பண்டாரவளை மாமா: அப்படியென்றால் அது பிரேக் ஒயிலே இல்லை. பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சாமானை ஊற்றியிருக்கிறான். அது பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் கப் ஊதிவிடும். மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பொடி ஓட்டை உண்டு, காலை எடுத்ததும் ஒயில் அது வழியாகத்தான் திரும்ப வரணும். ஊதிய கப் அதை அடைத்தால் பிரேக் எப்படி விடும்? சூடு ஏற ஏற ஒயில் விரிந்து இன்னும் இறுக்கும்.

அண்ணன்: இன்னொன்று சொல்கிறேன் கேளுங்க. வீலைக் கழற்றினேன். ட்ரம்மைப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் உளி வைத்து அடித்திருக்கிறான், தலையே மிச்சமில்லை. பிரேக் எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கணும் என்று வைக்கிற அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்தி விட்டிருக்கிறான். கராஜிலேயே பிரேக் இறுகியிருக்கிறது மாமா. தெரிந்துகொண்டே தளர்த்தி, சரியாகிவிட்டது என்று காசு வாங்கியிருக்கிறான். இந்த வண்டி பழக்கமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வேறு மெக்கானிக் பாஸிடம் போயிருப்பேன்.

நான்: புதன்கிழமை அம்மாவை நுவரெலியா கிளினிக்குக் கூட்டிப்போக இருந்ததும் இதே வண்டியில்தான். நினைக்கவே கை நடுங்குது.

அம்மா: தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில டீமேக்கராக இருந்தப்ப வாங்கின வண்டி. பொனெட்டைத் திறக்கக்கூட வேறு ஆளை விடமாட்டார்.

பண்டாரவளை மாமா: ஒயிலை மட்டும் மாற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ரப்பர் அதைக் குடித்துவிட்டது. மாஸ்டர், முன் வீலுக்கு இரண்டு இரண்டு சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று, மூன்று ஹோஸ், எல்லா ரப்பரும் போகணும். பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவணும்.

கொழும்பு தம்பி: நாளைக்கே பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் கேட்கிறேன் மாமா. என்னவென்று சொல்லிக் கேட்பது?

பண்டாரவளை மாமா: மைனர் 1000, 948 சிசி, முன் ட்ரம் 7 அங்குலம் என்று சொல். 1962இல் 1098 சிசி வந்தபோது முன் ட்ரம் 8 அங்குலம் ஆனது. அதன் சாமானைக் கொடுத்துவிடப் போகிறான். பல வருஷம் பெட்டியில் கிடந்த ரப்பர் என்றாலும் வேண்டாம்.

அண்ணன்: அந்த ஒயிலில் கொஞ்சம் போத்தலில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கராஜுக்குப் போய்க் காட்டப் போகிறேன். அடுத்தவன் வண்டியில் இதை ஊற்றி அவன் ரம்பொடை மலை இறக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும்?

அம்மா: போ, ஆனா கை நீட்டிடாதே.

அண்ணன்: இல்லை அம்மா. பேசத்தான் போகிறேன்.

பண்டாரவளை மாமா: வண்டியை ஓட்டி வராதே, கட்டி இழுக்கவும் வேண்டாம். லொறியில் ஏற்று. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். நான் வரும்வரை பழைய ஹோஸை எறிந்துவிடாதே, நீளம் பார்க்கணும்.