ஒன்றுமே இல்லையே என்றார் செக்போஸ்ட்காரர்

செங்கோட்டைவாசி:

ஜிங்க் ஆக்சைடு ஃபிலிம் (துத்தநாக ஆக்சைடுப் படலம்) போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் போட்டது ஒரு ஜூலையில். எங்கள் ஊரில் ஜூலை என்றால் ஆளாளுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்புகிற நேரம். எனக்கு எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்.

அலுமினியம் கலந்த ஜிங்க் ஆக்சைடைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாகப் படியவைக்க வேண்டும். ஒளியும் ஊடுருவ வேண்டும், மின்சாரமும் ஓட வேண்டும். டச் ஸ்கிரீனில் இந்த வேலையைச் செய்வது இண்டியம் டின் ஆக்சைடு. ஆனால் இண்டியம் அரிது, விலையும் அதிகம். துத்தநாகத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு துத்தநாக அணுவின் இடத்தில் ஓர் அலுமினிய அணு போய் உட்கார்ந்தால் ஓர் எலக்ட்ரான் மிச்சமாகும். ஓடுவது அந்த மிச்சம்தான். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ போதும். நான் ஆசைப்பட்டு ஐந்து போட்டேன். கூடுதல் அலுமினியம் படிகத்துக்குள் போகாமல் ஓரங்களில் ஒதுங்கிக்கொண்டது, மின்தடை இறங்குவதற்குப் பதில் ஏறிவிட்டது. குழம்புக்கு உப்புப் போடுகிற கதைதான்.

ஜிங்க் அசிடேட் உப்பை மெத்தாக்சி எத்தனால் என்ற கரைப்பானில் போட்டால் முதலில் கலங்கலாக நிற்கும். 60 டிகிரியில் கலக்கிக்கொண்டே மோனோ எத்தனால் அமைனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் பளிச்சென்று தெளியும். (அந்த மெத்தாக்சி எத்தனால் கருவுக்குக் கெடுதல் செய்யும் சாமான். எங்கள் லேபில் ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட்டின் விசிறி ஓடாது, யாரும் எச்சரிக்கவும் இல்லை. முடிந்தால் எத்தனாலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.) ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு, ஸ்லைடைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஸ்பின் கோட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 30 விநாடி, ஹாட் பிளேட்டில் 300 டிகிரியில் 10 நிமிடம். இப்படி எட்டுப் பூச்சு. கடைசியில் ஃபர்னஸில் 500 டிகிரி, ஒரு மணி நேரம்.

எல்லாம் ஆராய்ச்சிப் பேப்பரில் உள்ளபடிதான் செய்தேன். ஸ்லைடு சுற்ற ஆரம்பித்ததும் நடுவிலிருந்து வானவில் நிறங்கள் வளையம் வளையமாக விரியும், பார்க்க அழகாக இருக்கும். என் ஸ்லைடில் அது விரிந்த வேகத்திலேயே விபூதி பூசியதுபோல வெளுத்தது. மூன்று வாரம் ரசாயனத்தைத் திட்டினேன், புதுப் பாட்டில் திறந்தேன், ஸ்லைடைக் கழுவிக் கழுவிக் கை தோல் உரிந்தது. அப்புறம் ஒரு நாள் சாரல் விட்டு வெயில் அடித்தது. அன்றைக்குப் போட்ட நான்கு ஸ்லைடும் பளிங்குபோலத் தெளிவு. மறுநாள் சாரல் திரும்பியது, வெள்ளையும் திரும்பியது. கரைப்பான் ஆவியாகும்போது ஸ்லைடின் மேல்பக்கம் குளிர்கிறது, ஈரக்காற்று அதன்மேல் வியர்க்கிறது. ஐஸ் டம்ளர் வெளியே நனைகிற அதே சங்கதி. நான் வைத்திருந்த பேப்பர்களில் ஒன்றிலும் அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. கோட்டர் மூடிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்களை அடுக்கி, ஸ்லைடையும் லேசாகச் சூடுகாட்டிவிட்டுப் போட்டேன், சரியானது.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-ரே விட்டுப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்கத் திருவனந்தபுரம் போக வேண்டும். டிபன் டப்பாவில் டிஷ்யூ விரித்து ஆறு ஸ்லைடை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை ஏறியதும் செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

"இதெந்தா?"

"கண்ணாடி சார். மேலே ஒரு கோட்டிங் இருக்கு."

ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதில் ஒந்நும் இல்லல்லோ!"

அந்த ப்ராஜெக்டுக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட்டை வேறு யாரும் தரவில்லை. ஆனால் பிடித்தது பெருவிரலால், நட்டநடுவில். எக்ஸ்ஆர்டிக்குப் பாதகமில்லை, 34.4 டிகிரியில் ஜிங்க் ஆக்சைடு படிகத்தின் அடையாளமான 002 பீக் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. ஆனால் விரல் ரேகை பதிந்ததால் ஒளி ஊடுருவலை அளக்க அந்த ஸ்லைடு உதவவில்லை.

சித்தூர்க்காரன்:

அண்ணே, எங்களுக்கு அப்படியே தலைகீழ். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஜனவரியில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும், உதடு வெடித்துவிடும். ஈரத்தொல்லை கிடையாது, தூசிதான் எமன். ஸ்லைடில் ஒரு துகள் விழுந்தால் போதும், அங்கிருந்து விளிம்பு வரை வால்நட்சத்திரம் போல ஒரு கோடு. கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொண்டு வேலை செய்தோம். ஒரு சந்தேகம்: ஃபர்னஸிலிருந்து எடுத்த ஃபிலிம் மல்டிமீட்டரில் மின்தடையை மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) கணக்கில் காட்டுகிறதே, உங்களுக்கும் அப்படியா?

களியக்காவிளை டீச்சர்:

தம்பி, காற்றில் சுட்டால் அப்படித்தான் வரும். ஆக்சிஜன் படிகங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் இன்னொரு முறை சுட்டுப் பாருங்கள், இறங்கும்.

எங்களிடம் ஸ்பின் கோட்டரே இல்லை, ஸ்ப்ரேதான். மெடிக்கல் ஷாப்பில் வீசிங்குக்கு விற்கிற நெபுலைசர், கீழே 400 டிகிரியில் ஸ்லைடு. துளி பெரிதாக விழுந்தால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சொய்யென்று ஒரு வட்டத் தழும்பு விழும். பனிமூட்டம் மாதிரி இறங்கினால்தான் படலம் படியும். அப்புறம், ஜன்னலோரம் வைத்து மின்தடை அளக்காதீர்கள்.

செங்கோட்டைவாசி:

டீச்சர், அந்த ஜன்னலில் நானும் மாட்டினேன்! வெயிலில் இருக்கிற புற ஊதா ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைக் கிளப்பிவிடும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. வெயில் விழுந்த மேசையில் மின்தடை சரசரவென்று இறங்கியதும், சாதித்துவிட்டோம் என்று கைடைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வந்து நிற்பதற்குள் சாரல் மேகம் மூடிவிட்டது. அவர் கண் முன்னாலேயே எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னப்பா, ஆட்டோ மீட்டரா வாங்கி வச்சிருக்க?" என்றார்.